செருகியது பென்டிரைவ், முடிவெடுப்பது யார்?

லினக்ஸ் கணினியில் ஒரு பென்டிரைவைச் செருகினால், இரண்டு மூன்று விநாடிகளில் ஒரு ஜன்னல் திறந்து உள்ளே இருக்கும் கோப்புகளைக் காட்டிவிடுகிறது. அந்தச் சில விநாடிகளுக்குள் நான்கு வேலைகள் நடந்து முடிந்திருக்கும். புதிய சாதனம் வந்திருப்பதைக் கெர்னல் கண்டுகொள்கிறது. அதில் இருப்பது என்ன கோப்பு முறைமை, அதன் பெயர் என்ன என்று படித்து மற்ற நிரல்களுக்குத் தெரிவிக்கப்படுகிறது. பிறகு ஒரு நிரல் அனுமதி கேட்க, இன்னொன்று அனுமதி தர, அந்தச் சாதனம் மவுண்ட் ஆகிறது, அதாவது கணினியின் அடைவு அமைப்போடு இணைக்கப்படுகிறது. கடைசியாக உள்ளே இருப்பதை ஒரு நிரல் திறந்து படிக்கிறது. பயனர் செய்தது செருகியது மட்டும்தான்.

இந்த வேலைகளில் பெரும்பங்கைச் செய்வது திரையில் தெரியாமல் ஓடும் ஒரு பின்னணிச் சேவை. இன்றைய லினக்ஸில் அதற்கு யுடிஸ்க்ஸ்2 என்று பெயர். சோலாரிஸில் முதலில் வோல்ட், பின்னாளில் ஆர்எம்வோல்எம்ஜிஆர். ஆண்ட்ராய்டிலும் வோல்ட் என்ற பெயரிலேயே வேறொரு சேவை இருக்கிறது. விண்டோஸில் ஷெல் ஹார்டுவேர் டிடெக்‌ஷன். பெரும்பாலோர் இதன் பெயரைக் கேள்விப்படுவதே ஏதாவது தகராறு வந்தபிறகுதான். வட்டை ஃபார்மேட் செய்யப் போனால் 'பயன்பாட்டில் இருக்கிறது' என்று மறுப்பு வரும்; அல்லது பாதுகாப்புத் தணிக்கைக்கு வந்தவர் 'இது ஏன் சர்வரில் ஓடுகிறது' என்று கேட்பார். அப்போது நிர்வாகிகள் வழக்கமாக இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். வந்தபடியே ஓடட்டும் என்று விடுகிறார்கள், அல்லது ஒரே கட்டளையில் நிறுத்திவிடுகிறார்கள்.

இரண்டுமே அவசர முடிவுகள் என்பது என் கருத்து. கண்டறிதல், அறிவித்தல், மவுண்ட் செய்தல், திறத்தல் என்ற நான்கில் எது யார் பெயரால், யார் அனுமதியுடன் நடக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். சேவை ஓடலாமா கூடாதா என்பது அதற்கு அடுத்த கேள்வி. முப்பது ஆண்டுகளாக இந்தச் சேவைகளால் வந்த தொல்லைகளைத் தேடிப் பார்த்தால், பெரும்பாலானவை இந்த நான்கையும் ஒரே முடிச்சாகப் போட்டதால் வந்தவையாகவே இருக்கின்றன.

பழைய யூனிக்ஸில் இந்த முடிச்சே கிடையாது. மவுண்ட் செய்வது ரூட் பயனரின் உரிமை. சிடியைப் படிக்க வேண்டுமானால் ரூட் கடவுச்சொல் தெரிந்தவரை அழைக்க வேண்டும். ஒரு பெரிய இயந்திரம், அதற்கொரு நிர்வாகி என்ற காலத்துக்கு அது பொருத்தம். ஒவ்வொருவர் மேசையிலும் ஒரு பணிநிலையம் வந்ததும் பொருந்தாமல் போயிற்று. 1993இல் சோலாரிஸ் 2.2 உடன் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் வோல்ட் சேவையைக் கொண்டுவந்ததற்குக் காரணம் இதுதான். சிடியைப் போட்டால் /சிடிராம் என்ற அடைவின் கீழ் அது தானாகத் தெரியும். சாதாரணப் பயனரே 'இஜெக்ட்' கட்டளையால் வெளியே எடுக்கலாம். அன்றைக்கு அது உண்மையான விடுதலை.

ஆனால் வன்பொருள் எல்லா இடத்திலும் ஒத்துழைக்கவில்லை. ஃபிளாப்பி டிரைவ் வட்டு வந்ததைத் தானாகச் சொல்லாது. சேவைதான் போய்ப் பார்க்க வேண்டும். திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தால் டிரைவ் ஓயாமல் இரையும், தேயும். அதனால் ஃபிளாப்பிக்கு மட்டும் 'வால்செக்' என்று ஒரு கட்டளை கொடுத்தார்கள்: வட்டைப் போட்டுவிட்டு, போட்டிருக்கிறேன், பார் என்று பயனரே சொல்ல வேண்டும். இதைக் குறை என்று எழுதியவர்கள் உண்டு. எனக்கு அது நேர்மையான வடிவமைப்பாகத் தெரிகிறது. தானாகக் கண்டறிய முடியாத இடத்தில், முடிந்ததுபோல் காட்டிக்கொள்ளவில்லை.

வோல்டின் சிக்கல் வேறிடத்தில் இருந்தது. /வால் என்ற அடைவு முழுவதையும் அந்தச் சேவையே ஒரு என்எஃப்எஸ் சர்வராக இருந்து வழங்கியது. சேவையைத் திடீரென்று கொன்றால், அந்த அடைவைத் தொட்ட நிரல்கள் எல்லாம் பதிலுக்குக் காத்துக் கிடக்கும். என்எஃப்எஸ் சர்வர் பதில் தரவில்லை என்ற செய்தி கன்சோலில் வந்துகொண்டே இருக்கும். எனவே முறைப்படி நிறுத்த வேண்டும். நிறுத்தாமல் சிடி டிரைவைக் கையாள முயன்றாலோ, சாதனத்தை வோல்ட் பிடித்துவைத்திருக்கும். தொடக்க அடைவில் இருக்கும் வால்எம்ஜிடி ஸ்கிரிப்டை நிறுத்துவது, வேலையை முடிப்பது, மறுபடி தொடங்குவது என்ற மூன்று படிகள் சோலாரிஸ் நிர்வாகிகளுக்கு மனப்பாடம். 2005இல் வந்த சோலாரிஸ் 10 சேவைகளை எல்லாம் எஸ்எம்எஃப் என்ற ஒரே அமைப்பின்கீழ் கொண்டுவந்தபோது அந்த ஸ்கிரிப்ட் போய், 'வால்எஃப்எஸ்' என்ற சேவைப் பெயரை முடக்கும் கட்டளை வந்தது. அடுத்து வந்த ஆர்எம்வோல்எம்ஜிஆர், என்எஃப்எஸ் வேஷத்தை விட்டுவிட்டு /மீடியா அடைவில் நேராக மவுண்ட் செய்தது. பழைய ஸ்கிரிப்டுகள் முறிந்துபோகாதபடி /சிடிராம் போன்ற பழைய பாதைகளில் இணைப்புகளையும் வைத்தது. அந்த இணைப்புகள் வேண்டாம் என்பவர்கள் சேவையின் ஒரு பண்பை மாற்றினால் போதும். சேவை முழுவதையும் நிறுத்தாமல் அதன் ஒரு பழக்கத்தை மட்டும் மாற்றும் வழியை நிர்வாகி கையில் கொடுத்தது நல்ல முன்னேற்றம்.

லினக்ஸ் இதே பாதையைப் பத்தாண்டு தாமதமாக, ஆனால் வேகமாகக் கடந்தது. 2003இல் கிரெக் குரோவா-ஹார்ட்மன், சாதனங்கள் வந்துபோவதைக் கவனிக்கும் யுடெவை எழுதினார். ஏறக்குறைய அதே சமயத்தில் ரெட் ஹேட்டின் ஹாவக் பென்னிங்டன், வன்பொருள் எந்தச் சடங்கும் இல்லாமல் வேலை செய்ய வேண்டும் என்று ஒரு கட்டுரை எழுத, டேவிட் சூட்டன் அதைச் செயலாக்க ஹால் என்ற சேவையைக் கட்டினார். அடுத்த ஆண்டில் ராபர்ட் லவ் தொடங்கிய பிராஜெக்ட் யுடோபியா, க்னோம் மேசையில் அதன் பலனைக் காட்டியது. பென்டிரைவும் டிஜிட்டல் கேமராவும் செருகிய உடனே வேலை செய்தன. அதுவரை, மவுண்ட் விவரங்களை வைக்கும் எஃப்எஸ்டேப் கோப்பைக் கையால் திருத்திக்கொண்டிருந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய மாற்றம் என்பதை இன்று சொல்லிப் புரியவைப்பது கடினம்.

ஹால் எல்லாவற்றையும் தன் தலையில் ஏற்றிக்கொண்டது. வட்டு, மின்கலம், விசைப்பலகை, அச்சுப்பொறி என அத்தனைக்கும் ஒரே சேவை. சிடி டிரைவில் வட்டு வந்திருக்கிறதா என்று இரண்டு விநாடிக்கு ஒருமுறை எட்டிப் பார்க்கும் துணை நிரல் ஒன்றும் அதில் உண்டு. 2007இல் இன்டெல் வெளியிட்ட பவர்டாப் கருவி, மடிக்கணினியின் மின்கலத்தைத் தின்பவை எவை என்று பட்டியல் போட்டபோது அந்தத் துணை நிரல் மாட்டிக்கொண்டது. அதை நிறுத்திவைக்கும் கட்டளையைப் பவர்டாப்பே பரிந்துரைத்தது. கடைசியில் 2011இல் வந்த 2.6.38 கெர்னல் அந்த எட்டிப் பார்க்கும் வேலையைத் தானே எடுத்துக்கொண்டது. பின்னணிச் சேவை செய்துவந்த ஒரு வேலை, கெர்னலில்தான் இருக்க வேண்டும் என்று தெரிந்து அங்கே போய்ச் சேர்ந்தது.

ஹாலைக் கலைக்கத் தொடங்கியவரும் அதை எழுதிய சூட்டன்தான். 2008 முதல் அதன் வேலைகள் பிரிக்கப்பட்டன. வட்டுப் பகுதி டிவைஸ்கிட்-டிஸ்க்ஸ் ஆகி, யுடிஸ்க்ஸ் ஆகி, பிறகு யுடிஸ்க்ஸ்2 ஆக நிலைத்தது. தான் கட்டியதைத் தானே பிரித்துப் போட்ட அந்த முடிவால்தான் இன்றைய அமைப்பில் பொறுப்புகள் தெளிவாக இருக்கின்றன.

அந்தத் தெளிவைப் பலரும் கவனிப்பதில்லை. யுடிஸ்க்ஸ்2 எதையும் தானாக மவுண்ட் செய்வதில்லை. யுடெவ் தரும் தகவலைச் சேகரித்து, நிரல்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் டி-பஸ் வழியாக மற்ற நிரல்களுக்குக் காட்டிக்கொண்டு, யாராவது கேட்டால் மட்டும் மவுண்ட் செய்கிறது. கேட்பது மேசைச்சூழல். க்னோமில் அது ஷெல்லுக்குள் இருக்கும் ஒரு பகுதி, எக்ஸ்எஃப்சிஇயில் துனார்-வால்மேன், கேடிஇயில் அதற்கென்று தனிக் கூறு. கேட்டவருக்கு உரிமை உண்டா என்று தீர்மானிப்பது இன்னொரு சேவையான போல்கிட். கணினியின் முன்னால் உட்கார்ந்து, நடப்பில் உள்ள அமர்வில் இருப்பவர் கடவுச்சொல் இல்லாமலே பென்டிரைவை மவுண்ட் செய்யலாம் என்பது அதன் இயல்பு விதி. அதே பயனர் எஸ்எஸ்ஹெச் வழியாக வந்து கேட்டால் நிர்வாகியின் கடவுச்சொல் கேட்கும். 'என் கணினியில் எனக்கே அனுமதி இல்லையா' என்று கோபப்படுகிறவர்கள் உண்டு. ஆனால் அந்த விதியில் நியாயம் இருக்கிறது: பென்டிரைவைக் கையால் செருகியவர் அங்கே இருக்கிறவர், தொலைவிலிருந்து நுழைந்தவர் அல்ல.

ஆகவே, செருகியதும் ஜன்னல் திறப்பது பிடிக்காத ஒருவர் யுடிஸ்க்ஸ்2 சேவையை நிறுத்துவது தவறான இடத்தில் வெட்டுவதாகும். க்னோமின் மீடியா கையாளும் அமைப்புகளில் ஆட்டோமவுண்ட், ஆட்டோமவுண்ட்-ஓப்பன், ஆட்டோரன்-நெவர் என்று தனித்தனி விசைகள் இருக்கின்றன. முதல் இரண்டையும் அணைத்துவிட்டால் சாதனம் பக்கப்பட்டியில் தெரியும். சொடுக்கினால்தான் மவுண்ட் ஆகும். நான்கு வேலைகளில் முதல் இரண்டு தானாக நடக்கும். மற்ற இரண்டுக்கும் மனிதர் ஒருவர் சொல்ல வேண்டும். நான் பார்த்தவரை பெரும்பாலான மேசைக் கணினிகளுக்குச் சரியான நிலை இதுதான்.

நிறுத்தத்தான் வேண்டும் என்றாலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சிஸ்டம்சிடிஎல் கட்டளையில் 'டிஸேபிள்' என்று கொடுத்தால், கணினி தொடங்கும்போது சேவை தொடங்காது, அவ்வளவுதான். டி-பஸ்ஸில் யாராவது யுடிஸ்க்ஸ்2 பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அது எழுந்துவிடும். கோப்பு மேலாளரைத் திறப்பதே கூப்பிடுவதுதான். நிறுத்திவிட்டேன், மறுபடி ஓடுகிறதே என்று குழம்புகிறவர்களின் குழப்பத்துக்குக் காரணம் இது. 'மாஸ்க்' என்று கொடுத்தால் மட்டுமே எந்த வழியாலும் எழ முடியாது.

மாஸ்க் செய்தபிறகு எது நிற்கிறது, எது நிற்கவில்லை என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஏற்கெனவே மவுண்ட் ஆனவை அப்படியே இருக்கும். மவுண்ட் என்பது கெர்னலின் கையில் இருப்பது. ரூட் பயனர் வழக்கம்போல் மவுண்ட் செய்யலாம். யுஎஸ்பி சேமிப்பு இயக்கி ஏறுவதும் நிற்காது. ஆனால் யாரும் நினைத்துப் பார்க்காத ஒரு வேலை நின்றுவிடும். அன்மவுண்ட் செய்யாமல் பென்டிரைவைப் பிடுங்கினால், இல்லாத சாதனத்தின்மேல் தொங்கிக்கொண்டிருக்கும் மவுண்டைக் கழற்றி, தான் உருவாக்கிய வெற்று அடைவை /ரன்/மீடியாவிலிருந்து நீக்குவதும் யுடிஸ்க்ஸ்2தான். சேவை போனால் அந்தத் துப்புரவும் போகிறது.

இதேபோல் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது யுடெவ் விதிகளில் எழுதப்படும் யுடிஸ்க்ஸ்-இக்னோர் என்ற குறி. குறிப்பிட்ட பார்ட்டிஷனைப் பயனரின் பார்வையிலிருந்து மறைக்க அது நல்ல கருவி. ஆனால் திரையில் காட்டும் நிரல்களுக்கு அது ஒரு குறிப்பு மட்டுமே. அதைப் பாதுகாப்பு என்று நம்பி ஒரு பார்ட்டிஷனை மறைத்தவர் பூட்டவில்லை. ஒரு வட்டைச் சாதாரணப் பயனர் மவுண்ட் செய்யக் கூடாது என்றால் யுடிஸ்க்ஸ்-சிஸ்டம் என்ற குறியால் அதைக் கணினியின் சொந்த வட்டாக அறிவிக்க வேண்டும். அப்போதுதான் போல்கிட் நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கேட்கும்.

பாதுகாப்பு என்று வந்துவிட்டால், நான்காவது வேலையிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. விண்டோஸ் 95 கொண்டுவந்த ஆட்டோரன், சிடியில் இருக்கும் ஒரு சிறு உரைக் கோப்பு சொல்லும் நிரலைக் கேள்வி கேட்காமல் ஓட்டியது. கடையில் வாங்கிய சிடிக்கு அது வசதி. யார் வேண்டுமானாலும் எழுதக்கூடிய பென்டிரைவுக்கு அது ஆபத்து. 2008 இறுதியில் பரவத் தொடங்கிய கான்ஃபிக்கர் புழுவின் இரண்டாம் வடிவம், ஃபோல்டர் படத்தைப் போட்டு, ஃபோல்டரைத் திறக்கும் தெரிவுபோலவே தன்னை ஆட்டோபிளே பெட்டியில் காட்டியது. அதே ஆண்டு நவம்பரில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை தன் கணினிகளில் பென்டிரைவுகளையே தடை செய்ய நேர்ந்தது. விண்டோஸ் 7 யுஎஸ்பி சாதனங்களுக்கு ஆட்டோரனை விட்டொழித்தது. பழைய பதிப்புகளுக்கு அந்த மாற்றம் 2011 பிப்ரவரியில்தான் தானியங்கிப் புதுப்பிப்பாகப் போய்ச் சேர்ந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் நம் ஊர் பிரவுசிங் சென்டர்களிலும் ஜெராக்ஸ் கடைகளிலும் ரெஸ்யூமே பிரிண்ட் எடுக்கப் பென்டிரைவைக் கொடுத்தவர்கள், வீட்டுக்கு வந்து பார்த்தபோது ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறியிருந்த கதை ஏராளம். அவர்கள் எந்தக் கோப்பையும் கவனக்குறைவாகத் திறந்தவர்கள் அல்லர். கணினி அவர்கள் பெயரால் முடிவெடுத்தது.

ஆட்டோரன் போனதோடு ஆபத்து போகவில்லை. 2010இல் வெளிச்சத்துக்கு வந்த ஸ்டக்ஸ்நெட், ஷார்ட்கட் கோப்பின் படத்தை எக்ஸ்ப்ளோரர் வரைந்து காட்டும்போதே உள்ளே நுழைந்தது. லினக்ஸில் இதெல்லாம் நடக்காது என்ற நம்பிக்கையை 2011இல் ஐபிஎம் ஆய்வாளர் ஜான் லாரிமர் தகர்த்தார். திரை பூட்டியிருந்த உபுண்டு கணினியில் பென்டிரைவைச் செருகினார். அது தானாக மவுண்ட் ஆனது. கோப்பு மேலாளர் முன்னோட்டப் படம் வரைய முயன்றது. அந்தப் படம் வரையும் நிரலில் இருந்த ஓட்டையால் திரைப் பூட்டு திறந்துகொண்டது. திறந்து படிப்பதும் ஓட்டுவதும் வேறு வேறு என்று நாம் நினைக்கிறோம். குறைபாடுள்ள நிரல் படிக்கும்போது அந்த வேறுபாடு இல்லாமல் போகிறது. இன்றைய க்னோம் திரை பூட்டியிருக்கும்போது புதிய சாதனத்தை மவுண்ட் செய்வதில்லை. மிகச் சரியான முடிவு. ஏனெனில் பூட்டிய திரைக்கு முன்னால் அனுமதி தரும் நிலையில் யாரும் இல்லை.

மூன்றாவது வேலையான மவுண்டிலும் ஆபத்து உண்டு. கோப்பு முறைமையைப் படிக்கும் இயக்கிகள் கெர்னலுக்குள் ஓடுகின்றன. வஞ்சகமாகத் தயாரித்த ஒரு வட்டின் அமைப்பு அவற்றைத் தடுமாற வைக்கலாம். 2021இல் பதிவான சிவிஇ-2021-3802 எளிமையான உதாரணம். ஈஎக்ஸ்டி4 கோப்பு முறைமையின் தலைப்பகுதியிலேயே, பிழை கண்டால் கெர்னலை நிறுத்திவிடு என்று எழுதிவைக்க முடியும். அப்படி எழுதி, வேண்டுமென்றே பிழையும் வைத்த பென்டிரைவைச் செருகினால் கணினி அப்படியே நின்றுபோகும். பிழை கண்டால் படிக்க மட்டுமான நிலைக்கு மாற்று என்ற விருப்பத்தை யுடிஸ்க்ஸ்2 தன் பக்கத்திலிருந்து சேர்த்து அதைச் சரிசெய்தது. வட்டு சொன்னதைக் கேட்காமல், மவுண்ட் செய்கிறவர் சொல்வதே செல்லும் என்று ஆயிற்று.

2025 ஜூனில் குவாலிஸ் நிறுவனம் வெளியிட்ட சிவிஇ-2025-6019 இதைவிடப் பெரியது. பயனர் கேட்டு மவுண்ட் ஆகும் எதற்கும் யுடிஸ்க்ஸ்2 நோசூயிட், நோடெவ் என்ற இரண்டு தடைகளை எப்போதும் சேர்க்கிறது. வட்டில் இருக்கும் ஒரு நிரல் ரூட் உரிமையோடு ஓடாதபடி காப்பவை அவை. ஆனால் எக்ஸ்எஃப்எஸ் கோப்பு முறைமையின் அளவை மாற்றும்போது அதைத் தற்காலிகமாக மவுண்ட் செய்ய வேண்டியிருக்கிறது. அந்த வேலையை யுடிஸ்க்ஸ்2 ஒப்படைத்திருந்த லிப்பிளாக்டெவ் நூலகம், இந்த இரண்டு தடைகளையும் போட மறந்திருந்தது. உள்ளூர் பயனர் தான் தயாரித்த ஒரு வட்டுப் பிம்பத்தைக் கொடுத்து அளவை மாற்றச் சொல்லி ரூட் ஆகிவிடலாம். பென்டிரைவ் என்ற பொருளே இங்கே தேவைப்படவில்லை. நூலகம் திருத்தப்பட்டது. அதுவரைக்கும் தற்காப்பாக, சாதனத்தை மாற்றியமைக்கும் போல்கிட் செயலுக்கு நிர்வாகியின் கடவுச்சொல் கேட்கும்படி மாற்றச் சொன்னார்கள்.

பென்டிரைவே போகாத சர்வர்களில் யுடிஸ்க்ஸ்2 வேண்டாம் என்று வாதிடுகிறவர்களுக்கு இந்த நிகழ்வு வலுவான ஆதாரம். ரூட் உரிமையோடு ஓடும் சேவை, கேட்டவுடன் எழுந்து சிக்கலான வேலைகளைச் செய்கிறது. தேவையில்லாத இடத்தில் அது ஏன் இருக்க வேண்டும்? இந்த வாதத்தை நான் ஏற்கிறேன். ஆனால் சேவையை நீக்கிவிட்டு யுஎஸ்பி ஆபத்து தீர்ந்தது என்று எழுதிக்கொடுக்கும் அறிக்கைகளை ஏற்க முடியாது. 2014இல் கார்ஸ்டன் நோலும் யாக்கோப் லெல்லும் காட்டிய பேட்யுஎஸ்பி தாக்குதலில், பென்டிரைவ்போல் இருப்பது தன்னை விசைப்பலகை என்று அறிவித்துக்கொண்டு கட்டளைகளைத் தட்டச்சு செய்கிறது. அங்கே மவுண்ட் என்ற பேச்சே இல்லை. அதைத் தடுக்க முதல் வேலையில், அதாவது கெர்னல் சாதனத்தை ஏற்கும் இடத்தில், கைவைக்க வேண்டும். யுஎஸ்பிகார்டு அதைச் செய்கிறது. சேமிப்புச் சாதனமே கூடாது என்ற இடத்தில் யுஎஸ்பி-ஸ்டோரேஜ், யுஏஎஸ் என்ற இரண்டு இயக்கிகளும் ஏறாமல் தடுக்க வேண்டும்.

பாதுகாப்பைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம்; ஆனால் சாதாரண மனிதர்கள் தரவை இழப்பது பெரும்பாலும் தாக்குதலால் அல்ல, பிடுங்குவதால். ஒரு ஜிபி கோப்பைப் பென்டிரைவுக்கு நகலெடுக்கிறோம். சில விநாடிகளில் பெட்டி மூடிக்கொள்கிறது. கோப்பு போய்ச் சேர்ந்தது கணினியின் நினைவகத்துக்கு மட்டும். கெர்னல் இயல்பாக, 30 விநாடி பழசான தரவைத்தான் கட்டாயம் எழுத ஆரம்பிக்கிறது. நினைவகம் நிறைய இருந்தால் அதற்கு முன் எழுத அவசரமும் இல்லை. விநாடிக்கு 8 எம்பி எழுதும் மலிவான பென்டிரைவுக்கு ஒரு ஜிபியை முடிக்க இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். முடிந்துவிட்டது என்று நம்பிப் பிடுங்கியவரின் தவறு என்ன?

எழுதச் சொன்ன கணமே எழுத வேண்டும் என்று 'சிங்க்' விருப்பத்தோடு மவுண்ட் செய்து பார்த்தார்கள். ஃபேட் கோப்பு முறைமையில் ஒவ்வொரு சிறு எழுத்துக்கும் அட்டவணை திரும்பத் திரும்ப எழுதப்பட்டது. நகலெடுப்பு ஆமை வேகமாயிற்று, ஃபிளாஷ் சில்லுகளின் ஆயுளும் குறைந்தது. அதன் பிறகு வந்த நடுவழி 'ஃபிளஷ்' என்ற விருப்பம்: வழக்கத்தைவிடச் சீக்கிரம் எழுதத் தொடங்கு, ஆனால் ஒவ்வொரு துண்டுக்கும் நிற்காதே. ஃபேட் பென்டிரைவுகளுக்கு யுடிஸ்க்ஸ்2 இதை இயல்பாகவே சேர்க்கிறது. ஈஎக்ஸ்டி4 போன்றவற்றுக்கு அது கிடையாது. மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 10இன் 1809 பதிப்பில் விரைவாக அகற்றும் கொள்கையை இயல்பாக்கி, வேகத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் பிடுங்குவதைப் பாதுகாப்பானதாக்கியது. லினக்ஸ் மேசைகளும் அந்தத் திசையில் இன்னும் தைரியமாகப் போக வேண்டும். பெட்டியில் நூறு சதவீதம் என்று காட்டுவது வட்டில் நூறு சதவீதமாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது பயனரின் உரிமை.

அன்மவுண்ட் செய்யப்போனால் 'பயன்பாட்டில் இருக்கிறது' என்று வரும் மறுப்பைச் சேவையின் பிடிவாதம் என்று எடுத்துக்கொண்டு, கட்டாயப்படுத்தும் விருப்பத்தைப் பயன்படுத்துகிறார்கள். 'லேசி' வகை அன்மவுண்ட் பெயரை மட்டும் கண்ணிலிருந்து மறைக்கிறது. கோப்பைத் திறந்துவைத்திருக்கும் நிரல் எழுதிக்கொண்டேதான் இருக்கும். எந்த நிரல் பிடித்திருக்கிறது என்பதை ஃப்யூசர் அல்லது எல்எஸ்ஓஎஃப் ஒரு நொடியில் சொல்லிவிடும். பெரும்பாலும் அந்த அடைவுக்குள் நின்றுகொண்டிருக்கும் ஒரு டெர்மினல் ஜன்னலாகவே இருக்கும். சுழலும் ஹார்டு டிஸ்காக இருந்தால் அன்மவுண்டோடு நிறுத்தாமல், யுடிஸ்க்ஸ்சிடிஎல் தரும் 'பவர்-ஆஃப்' வரை போக வேண்டும். அது தரவை எழுதி முடித்து, வட்டின் சுழற்சியை நிறுத்தி, பிறகே மின்சாரத்தைத் துண்டிக்கும்.

மற்ற அமைப்புகள் என்ன செய்கின்றன என்று சுருக்கமாகப் பார்த்தால், ஓப்பன்பிஎஸ்டி மறுமுனையில் நிற்கிறது. ஹாட்பிளக்டி என்ற சேவை இயல்பில் ஓடாது. ஓடவிட்டாலும் நிர்வாகி எழுதிவைத்த இரண்டு ஸ்கிரிப்டுகளை அழைப்பதைத் தவிர வேறு எதுவும் தெரியாது. ஆண்ட்ராய்டு வேறொரு வழி எடுத்தது. வெளியிலிருந்து வரும் கார்டின் கோப்பு முறைமையை அடையாளம் காண்பதையும் சரிபார்ப்பதையும் நம்பகமற்றவை என்று குறித்த தனி எஸ்இலினக்ஸ் வட்டத்துக்குள் அடைத்து ஓட்டுகிறது. ஆப்பிள் 2025இல் மேக்ஓஎஸ் 15.4 உடன் திறந்துவிட்ட எஃப்எஸ்கிட், கோப்பு முறைமைகளைக் கெர்னலுக்கு வெளியே எழுத வழி செய்கிறது. அன்னியர் தந்த வட்டைப் படிக்கும் நிரல் கெர்னலுக்குள் இருக்க வேண்டியதில்லை என்ற திசை தெளிவாகத் தெரிகிறது. லினக்ஸில் அதற்கு வழிசெய்யும் ஃப்யூஸ் இருந்தும் பென்டிரைவுகள் பெரும்பாலும் கெர்னல் இயக்கிகள் வழியாகவே மவுண்ட் ஆகின்றன. அடுத்து மாற வேண்டியது இதுதான் என்று நினைக்கிறேன்.

இடத்துக்கு இடம் முடிவு மாறும். வீட்டுக் கணினியில் சேவை ஓடட்டும். தானாக மவுண்ட் ஆவதை அணைத்துவிட்டால் போதும். பலர் வந்துபோகும் நூலகக் கணினியிலும் அச்சுக் கடையிலும் அதோடு, அளவு மாற்றுதல், வட்டுப் பிம்பத்தை வட்டாகக் காட்டும் லூப் சாதனம் அமைத்தல் போன்ற போல்கிட் செயல்களுக்கு நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கட்டாயமாக்க வேண்டும். பென்டிரைவிலிருந்து கோப்பைப் படிக்க வந்தவருக்கு அவை தேவைப்படாது. யுஎஸ்பியே தொடாத சர்வரில் யுடிஸ்க்ஸ்2 பொதியை நீக்கிவிடலாம்.

கடினமானது நான்காவது வகை: வாரம் ஒருமுறை பேக்கப் வட்டைக் கொண்டுவந்து செருகும் சிறு அலுவலகச் சர்வர். மேசைச்சூழல் இல்லாததால் அங்கே யாரும் யுடிஸ்க்ஸ்2வை மவுண்ட் செய்யக் கேட்பதில்லை. உடனே யுடெவ் விதியில் மவுண்ட் கட்டளையை எழுதிப் பார்ப்பார்கள். யுடெவ் தனக்கென்று தனி மவுண்ட் வெளிக்குள் ஓடுவதால், அப்படிச் செய்த மவுண்ட் மற்ற யார் கண்ணிலும் படாது. பலமணி நேரம் வீணாகும் இடம் அது. சரியான வழி எஃப்எஸ்டேப்பில் இருக்கிறது. எஸ்டிபி1 என்ற பெயர் அடுத்த முறை எஸ்டிசி1 ஆகலாம் என்பதால் வட்டை அதன் அடையாள எண்ணான யுயுஐடியால் குறிக்க வேண்டும். நோஃபெயில் விருப்பத்தைச் சேர்க்காவிட்டால், வட்டு இல்லாத நாளில் சர்வர் தொடங்கும்போது 90 விநாடி காத்திருந்து அவசர நிலையில் போய் நிற்கும். சிஸ்டம்டியின் ஆட்டோமவுண்ட் விருப்பத்தைச் சேர்த்தால், பேக்கப் ஸ்கிரிப்ட் அந்தப் பாதையைத் தொடும்போதுதான் மவுண்ட் நடக்கும். சும்மா இருக்கும் நேரவரம்பு ஒன்றைக் கொடுத்தால் வேலை முடிந்தபின் தானாக அன்மவுண்ட் ஆகிவிடும். வட்டைச் செருக மறந்த நாளில் அந்தப் பாதையைத் தொட்டால், சற்றுக் காத்திருந்தபின் பிழை வந்து ஸ்கிரிப்ட் நின்றுவிடும். ஆட்டோமவுண்ட் இல்லாமல் விட்டால், ஸ்கிரிப்டில் நகலெடுக்கும் ஆர்சிங்க், மவுண்ட் ஆகாத வெற்று அடைவுக்குள் எழுத ஆரம்பித்து, ரூட் பார்ட்டிஷன் நிரம்பும்வரை எழுதிக்கொண்டிருக்கும்.